வண்டிக்குள் நிம்மதியாகத் தூங்க ஒரு படுக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் சாலைகள் பிரியும் கிருஷ்ணகிரியில் குடியிருப்பதால், வண்டியிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்றும் பழக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. எங்கள் வேனில் இதுவரை இரண்டு முறை படுக்கை அமைத்திருக்கிறோம். முதலாவதில் செய்த தவறுகளைக் கற்றுக்கொண்ட பிறகே இரண்டாவது நன்றாக அமைந்தது. வண்டியை நிறுத்தும் இடங்களில் எட்டிப் பார்த்து விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள் என்பதால், அவற்றையும் எங்களுக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வேன், கேரவன், பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு ஆகிய மூன்றுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

படுக்கை வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மெத்தைக் கடைக்கு முதலில் போகாதீர்கள். வண்டியின் தளத்தில் ஒரு பழைய பாயை விரித்து, அதில் படுக்கப்போகிறவர்கள் எல்லாரும் கதவுகளைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். புரண்டு படுக்கும்போது முழங்கை எங்கே இடிக்கிறது, எழுந்து உட்காரும்போது தலை எங்கே முட்டுகிறது, நள்ளிரவில் ஒருவர் இறங்க வேண்டுமானால் யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு சாக்பீஸால் தளத்தில் கோடு போட்டு அளவெடுங்கள். சக்கரத்தின் மேல் எழும்பி நிற்கும் மேடு, பின்கதவின் உட்புற வளைவு, ஜன்னல் கைப்பிடி போன்றவை விளம்பரத் தாளில் அச்சிட்ட அளவில் தெரியாது. அவை அனைத்தையும் நீங்களே டேப் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீளமும் அகலமும் எவ்வளவு இருக்க வேண்டும்?

படுப்பவர்களில் உயரமானவரின் உயரத்தோடு குறைந்தது 4 அங்குலம் சேர்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள். தலையணை சற்று மேலே நகரும், பாதம் நீளும் என்பதால் அந்த 4 அங்குலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. அகலம், தனியாகப் படுப்பவருக்கு இரண்டரை அடியும் இருவருக்கு 4 அடியும் தேவை. மூன்றரை அடியில் இருவர் ஒரு நாள் படுத்துவிடலாம், ஆனால் மூன்றாம் நாள் இருவருமே தூங்காமல் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். ப்ளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி என்ற அளவில் கிடைப்பதால், படுக்கையை ஆறேகால் அடிக்கு 4 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரே பலகையில் அடித்தளம் முழுவதும் முடிந்துவிடும்.

நீளவாக்கில் படுப்பது நல்லதா, குறுக்குவாக்கில் படுப்பது நல்லதா?

குறுக்குவாக்கில் படுத்தால் வண்டியின் நீளத்தில் நிறைய இடம் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டில் ஓடும் வேன்களில் பெரும்பாலானவற்றின் உள் அகலம் 6 அடிக்குக் குறைவு. சராசரி உயரமுள்ள ஆண்கள் அதில் காலை மடக்கித்தான் படுக்க முடியும். ஓர் இரவுக்கு அது பெரிய துன்பமாகத் தெரியாது. வயதில் பெரியவர்களுக்கு இரண்டாம் நாள் காலையில் முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். ஆகவே இடம் சற்றுக் குறைந்தாலும் நீளவாக்கில் அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன். கட்டாயம் குறுக்கே படுக்க வேண்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடது ஓரத்தில் நிறுத்திய வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் என்பதால், தலையை ஓட்டுநர் இருக்கும் வலப்பக்கம் வைத்துப் படுத்தால்தான் தலை மேலாகவும் கால் தாழ்வாகவும் இருக்கும்.

படுக்கையின் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

மெத்தையின் மேல்பரப்பிலிருந்து வண்டியின் உட்கூரைவரை குறைந்தது 3 அடி இருந்தால்தான் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார முடியும். கூரை தாழ்ந்த சிறிய வேன்களில் இதற்காகக் கட்டிலின் உயரத்தைக் குறைக்க வேண்டிவரும், அப்போது அடியில் பொருள் வைக்கும் இடமும் குறையும். பலர் பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று கட்டிலை உயர்த்திவிட்டு, பிறகு உடை மாற்றவும் தண்ணீர் குடிக்கவும்கூடக் குனிந்துகொண்டே சிரமப்படுகிறார்கள். பெட்டியைக் கூரைமேல் கட்டிக்கொள்ளலாம், முதுகை அப்படி எங்கும் கட்டி வைக்க முடியாது. கூரை உயர்ந்த வேனாக இருந்தால், மெத்தையின் மேல்பரப்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அமைவது உட்காரவும் எழவும் வசதியாக இருக்கும்.

அடித்தளத்துக்கு ப்ளைவுட் போடுவதா, ரீப்பர் எனப்படும் மெல்லிய மரச் சட்டங்கள் அடிப்பதா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் முதல் படுக்கை கெட்டுப்போனது இங்கேதான். முழு ப்ளைவுட் பலகையை அப்படியே போட்டு, அதன்மேல் 4 அங்குல ஃபோம் மெத்தையை விரித்திருந்தோம். ஒகேனக்கலில் மூன்று இரவு தங்கிவிட்டு வீடு திரும்பிய அன்று, கீழே விழுந்த சாவியைத் தேடுவதற்காக மெத்தையைத் தூக்கினேன். பலகை ஈரமாகப் பளபளத்தது. மெத்தையின் அடிப்பக்கத்தில், எங்கள் இருவரின் தோள்பட்டையும் இடுப்பும் அழுந்தும் இடங்களில் மட்டும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை பூத்து, இரண்டு ஆட்கள் படுத்திருப்பதைப் போன்ற வடிவத்தில் படர்ந்திருந்தது. மழை பெய்யவில்லை, கூரை ஒழுகவில்லை. அந்த ஈரம் எங்கள் வியர்வையும் மூச்சும்தான்.

தூங்கும் உடலிலிருந்து இரவு முழுவதும் நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உடலின் சூட்டில் அது மெத்தைக்குள் இறங்கி, அடியில் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராக மாறுகிறது. வீட்டுக் கட்டிலில் அறை பெரிது, காற்று ஓடும், பகலில் காய்ந்துவிடும். வண்டியில் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே அடைபட்ட அந்த ஈரம் போக வழியே இல்லை. ஆகவே மெத்தைக்கு அடியில் காற்று நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் இடம் விட்டே தீர வேண்டும்.

இரண்டாவது படுக்கைக்கு 3 அங்குல அகலமுள்ள ரீப்பர் சட்டங்களை ஒன்றேகால் அங்குல இடைவெளியில் குறுக்கே அடித்தோம். இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போனால் ஃபோம் அதற்குள் இறங்கித் தொய்ந்துவிடும். கட்டிலின் நடுவில் நீளவாக்கில் ஒரு தாங்கு சட்டமும் தேவை. ப்ளைவுட்தான் வேண்டும் என்றால், தண்ணீரைத் தாங்கும் தரமாக, ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதை வாங்கி, 6 அங்குலத்துக்கு ஒன்று வீதம் ஓர் அங்குல விட்டமுள்ள துளைகளைப் போடச் சொல்லுங்கள். 12 மில்லிமீட்டர் பலகையானால் ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கு கட்டாயம். துளைகளின் விளிம்பையும் பலகையின் வெட்டு முனைகளையும் பெயிண்டோ வார்னிஷோ பூசி மூடாவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும்.

சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே நாங்கள் ஒரு கோரைப்பாயை விரித்திருக்கிறோம். சட்டத்தின் விளிம்பு ஃபோமை அறுக்காமல் பாய் தடுக்கிறது, காற்றையும் தடையின்றி விடுகிறது. செலவு குறைவான இந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பயன்பட்டது.

ஃபோம் மெத்தையில் "டென்சிட்டி" என்று சொல்கிறார்களே, அது என்ன? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதே டென்சிட்டி எண். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. எண் கூடினால் ஃபோம் நீண்ட நாள் உழைக்கும், எளிதில் குழி விழாது. அழுத்திப் பார்க்கும்போது தெரிகிற கடினத்தன்மை இதிலிருந்து வேறுபட்டது. 32 டென்சிட்டி ஃபோமையும் கடினமாகத் தயாரிக்க முடியும் என்பதால், கையால் அழுத்திப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யவே முடியாது.

40 என்று சொல்லி ஒரு கடையில் எங்களுக்குக் கொடுத்த ஃபோம், நான்கே மாதத்தில் இடுப்புப் பகுதியில் பள்ளமாகிவிட்டது. அதன் பிறகுதான் எடை போட்டுப் பார்க்கும் வழியைக் கற்றுக்கொண்டோம். 72 அங்குல நீளம், 48 அங்குல அகலம், 4 அங்குலக் கனம் உள்ள ஃபோம் உறை இல்லாமல் 40 டென்சிட்டியில் சுமார் 9 கிலோ இருக்க வேண்டும். அதே அளவு 32 டென்சிட்டியில் ஏழேகால் கிலோதான் வரும். உங்கள் அளவு வேறாக இருந்தால் நீளம், அகலம், கனம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வரும் விடையை டென்சிட்டி எண்ணால் பெருக்கினால் எடை கிடைக்கும். கடையிலேயே தராசில் வைத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். உண்மையான சரக்கு விற்பவர் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

கனத்தைப் பொறுத்தவரை 4 அங்குலத்துக்குக் குறைந்தால் பக்கவாட்டில் படுப்பவர்களின் இடுப்பெலும்பு சட்டத்தில் தட்டும். 6 அங்குலத்துக்கு மேல் போனால் உட்காரும் உயரத்தைத் தின்றுவிடும். எங்களுக்குச் சரியாக அமைந்தது, அடியில் 3 அங்குலம் ரீபாண்டட் ஃபோம், மேலே 2 அங்குலம் மென்மையான ஃபோம் என்ற இரண்டு அடுக்கு. ஃபோம் துண்டுகளை நொறுக்கி அழுத்திச் செய்யும் ரீபாண்டட் கெட்டியாக இருந்து உடலைத் தாங்கும். மேலடுக்கு தோளையும் இடுப்பையும் ஏற்றுக்கொள்ளும்.

தென்னைநார் மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை போடலாமா?

தென்னைநார் மெத்தை போடலாம், அதுவும் நம் கோடைக்கு அது மிகவும் ஏற்றது. நாரும் ரப்பர்ப் பாலும் சேர்த்து அழுத்திய மெத்தைக்குள் காற்று ஓடுவதால் முதுகு வேகாது. காவேரிப்பட்டணம், பாரூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளின் நடுவே வளர்ந்தவர்களுக்கு நாரின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதை மடிக்கக் கூடாது. மடித்தால் நார் முறிந்து அந்த இடம் தூளாக உதிரும். பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் மாற்றும் அமைப்புக்கு அது ஒத்துவராது. நிலையான கட்டிலுக்குத்தான் பொருந்தும். மெத்தென்று வேண்டுமானால் மேலே ஓர் அங்குல ஃபோம் சேர்த்துக்கொள்ளலாம்.

இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கும் சுகத்துக்கு ஈடில்லை என்று என் அம்மா இன்றும் சொல்வார். வீட்டில் அது சரி. வண்டியின் குலுக்கலில் பஞ்சு ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சும். தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதும் சமையல் அடுப்பு அருகிலேயே இருக்கும் வண்டியில் கவலைக்குரியது. தலையணைக்கு மட்டும் இலவம்பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் இருக்கை, இரவில் படுக்கை என்ற அமைப்பில் முதுகு வலிக்காமல் இருக்க என்ன செய்வது?

இத்தகைய அமைப்பில் மெத்தை மூன்று நான்கு துண்டுகளாக இருக்கும். துண்டுகள் சேரும் இணைப்பு இடுப்புக்கு நேராக வரக் கூடாது என்பதே முதல் விதி. இணைப்புகள் தொடைக்கு நேராகவும் தோளுக்கு மேலும் விழும்படி அளவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு வேண்டிய அகலத்தை மட்டும் பார்த்துச் சமமாகப் பிரித்தால், நடு இணைப்பு மிகச்சரியாக இடுப்பில்தான் வந்து நிற்கும். இரண்டாவதாக, எல்லாத் துண்டுகளும் ஒரே கட்டை ஃபோமிலிருந்து வெட்டியவையாக இருக்க வேண்டும். குஷன் கடையில் வெட்டும்போது குறிப்பிட்ட அளவைவிடக் கால் அங்குலம் கூட்டி வெட்டச் சொன்னால், துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து இடைவெளியே தெரியாது. இதற்கு மேலே முழுப் படுக்கைக்கும் சேர்த்து ஒரு ஜமுக்காளம் விரித்தால் போதுமானது.

உறைக்கு ரெக்சின் போடலாமா?

படுக்கும் பக்கத்துக்கு வேண்டாம். ரெக்சின் துடைக்க எளிது, ஆனால் அரை மணி நேரத்தில் முதுகெல்லாம் வியர்த்துவிடும். அடிப்பக்கமும் பக்கவாட்டும் கெட்டியான கேன்வாஸ், மேல்பக்கம் பருத்தித் துணி, மூன்று பக்கமும் திறக்கும் ஜிப் என்று தைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜிப் வைத்தால் துவைத்த பின் ஃபோமை மீண்டும் உள்ளே நுழைப்பது பெரும்பாடாகிவிடும்.

வண்டி சமமாக நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதி நிரம்பிய தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டில்மேல் படுக்கவைத்துப் பாருங்கள். கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. தலைப்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் பாதகமில்லை. தலை தாழ்ந்தால் முகம் கனத்து, தூக்கம் கெடும். பக்கவாட்டுச் சாய்வு இதைவிடத் தொல்லையானது, ஏனென்றால் ஒருவர் இரவெல்லாம் மற்றவர்மேல் உருண்டுகொண்டே இருப்பார். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றுவதற்கு, 8 அங்குல அகலத்தில் கெட்டியான பலகைத் துண்டுகள் நான்கு வண்டியில் இருக்கட்டும். ஏற்றிய பிறகு கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டே படுக்கச் செல்லுங்கள். காலையில் புறப்படும்போது முட்டுக்கு வைத்த கல்லைச் சாலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரவில் வரும் இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கல் எமனாகும்.

கோடையில் வண்டிக்குள் தூங்க முடியுமா?

ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பகல் வெப்பம் 38, 39 டிகிரியை எட்டுவது வழக்கம். இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. நம் மாவட்டங்களின் கருங்கல் பாறைகள் பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவு பத்து, பதினொரு மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பாறைக் குன்றின் அடிவாரத்தில் நிறுத்துவதைத் தவிர்த்து, வயல்வெளியை ஒட்டியோ ஏரிக்கரையிலோ இடம் பாருங்கள். மாலை மூன்று மணிக்கே புளியமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டால் கூரை சூடேறுவது பாதியாகக் குறையும்.

வண்டிக்குள் செய்ய வேண்டிய வேலை, கூரைத் தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே அலுமினியத் தாள் ஒட்டிய நுரைத் தகடு வைப்பது. அடுத்தது காற்றோட்டம். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் காற்றை வெளியே தள்ளும் சிறிய 12 வோல்ட் விசிறியைப் பொருத்துங்கள். 15 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் சுமார் 10 ஆம்பியர்-மணி மின்சாரம் செலவாகும். இதற்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் காலையில் எஞ்சின் கிளம்பாது. அமில பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால், சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெளியேற வண்டிக்கு வெளியே செல்லும் குழாய் கட்டாயம் வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கலாமா?

கூடவே கூடாது. புகைக்குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலோ, காற்று புகையை வண்டியின் பக்கமே திருப்பினாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்துவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளாமலேயே இறந்துவிடுவார். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். வண்டியில் ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. ஜெனரேட்டர், கரி அடுப்பு, கணப்புச் சட்டி, எரிவாயு அடுப்பு ஆகிய எதுவும் மூடிய வண்டிக்குள் தூங்கும் நேரத்தில் எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கித் தலைமாட்டில் பொருத்துவது, மெத்தை வாங்குவதற்கும் முன்பே செய்ய வேண்டிய செலவு.

தளி, ஓசூர்ப் பக்கம் குளிர்காலத்தில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் அங்கும் தளியிலும் விடியற்காலைக் குளிர் கீழிருந்து ஏறும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடியிலிருந்து வரும் குளிர் போகாது. அப்போது கோரைப்பாய்க்கு மேல் பழைய கம்பளி ஒன்றை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை முழுவதுமாக மூட வேண்டாம். இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் திறந்திருந்தால்தான் கண்ணாடியில் நீர் கோத்துப் படுக்கையில் சொட்டாமல் இருக்கும்.

கொசுவுக்கு என்ன வழி?

கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ காவிரிக் கரையிலோ தங்கினால் பொழுது சாய்ந்ததும் கொசு வந்துவிடும். ஜன்னல்களின் வெளிச்சட்டத்தில் காந்தப் பட்டை தைத்த வலையைப் பொருத்துவதே சிறந்த வழி. கொசுவர்த்திச் சுருளை அடைத்த வண்டிக்குள் ஏற்ற வேண்டாம், அதன் புகை மூச்சுக்கு நல்லதல்ல. துணிக்கு அருகில் நெருப்பு இருப்பதும் ஆபத்து.

வண்டி ஓடும்போது கட்டில் கிறீச்சிடுகிறது. எப்படி நிறுத்துவது?

மரமும் இரும்பும் தொடும் இடங்களில் எல்லாம் சத்தம் பிறக்கும். அந்த இடங்களில் பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி வைத்து முறுக்குங்கள். ஆணி அடித்தால் குலுக்கலில் கழன்றுவிடும் என்பதால், போல்ட்டும் நைலான் வளையம் வைத்த நட்டும் போட வேண்டும். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை மீண்டும் முறுக்குங்கள்.

சத்தத்தைவிட முக்கியமானது பிடிமானம். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும்போது தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தால், கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் முன்னால் பாயும். இழுப்பறைகளுக்குக் கொண்டி போட்டு, தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை, கருவிப் பெட்டி போன்ற கனமானவற்றைத் தரையோடு பட்டையால் கட்டி, இலேசான துணிமணிகளை மட்டும் மேலே வையுங்கள். கட்டிலும் வண்டியின் தளத்தோடு போல்ட்டால் இறுகியிருக்க வேண்டும். வெறுமனே தூக்கி வைத்த கட்டில், விபத்து நேரத்தில் ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும்.

ஓடும் வண்டியில் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. குழந்தை தூங்கினாலும் இருக்கையில் சீட் பெல்ட்டோடுதான் தூங்க வேண்டும்.

இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டுப் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது. இருக்கைகளின் எண்ணிக்கையும் பதிவுச் சான்றில் இருக்கும் விவரம்தான். ஆகவே இருக்கையை நிரந்தரமாக எடுப்பதற்கும், வண்டியின் உடற்பகுதியை வெட்டி வெல்டிங் செய்வதற்கும் முன்பு உங்கள் வண்டி பதிவாகியுள்ள அலுவலகத்தில், கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் எதுவாயினும், எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் விபத்து இழப்பீட்டின்போது சிக்கல் எழலாம். எதையும் வெட்டாமல், இருக்கைக்கு மேல் விரித்து எடுத்துவிடக்கூடிய கட்டிலாகச் செய்துகொள்வதே தலைவலி குறைந்த வழி என்று நாங்கள் முடிவு செய்தோம்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு என்ன வசதி செய்யலாம்?

என் அம்மாவுக்காக நாங்கள் செய்தவை மூன்று. ஏறும் கதவுக்கு அருகில் உள்ள பக்கத்தை அவருக்கு ஒதுக்கினோம், யாரையும் தாண்டாமல் இரவில் அவர் இறங்க முடிகிறது. கதவுத் தூணில் கெட்டியான கைப்பிடி ஒன்றை, தகரத்தில் மட்டும் நிற்காமல் உள் சட்டம்வரை போல்ட் செல்லும்படி பொருத்தினோம். தரைக்கும் படிக்கும் நடுவே வைக்க, அகலமான மரமுக்காலி ஒன்று வைத்திருக்கிறோம். அந்த முக்காலியின் மேல்பரப்பில் ஒட்டிய ரப்பர்த் தகடு, மழையில் நனைந்த பாதம் வழுக்காமல் காக்கிறது. மெத்தை விஷயத்தில் பெரியவர்களுக்கு மிகவும் மென்மையானது வசதி என்று எண்ண வேண்டாம். அமிழ்ந்துபோகும் மெத்தையிலிருந்து எழுவதற்குத்தான் அவர்களுக்கு அதிகச் சிரமம்.

இரவில் எங்கே நிறுத்தினால் தூக்கம் வரும்?

நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களில் லாரிகளின் ஒலிப்பான் இரவெல்லாம் ஓயாது. முன்னனுமதி கேட்டு, உணவகத்தின் அல்லது பெட்ரோல் பங்கின் பின்புறத்தில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் கட்டடம் ஒலியை மட்டுப்படுத்தும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் சாலைகளில் காட்டோரம் நிறுத்தித் தங்கக் கூடாது. அப்பகுதிகளில் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் உள்ளன, யானைகளின் நடமாட்டமும் உண்டு. மாம்பழப் பருவத்தில் கூடையோடு வண்டிக்குள் பழத்தை வைத்துக்கொண்டு அங்கே படுப்பது, வாசனையால் யானையை அழைப்பதற்கு ஒப்பாகும்.

மெத்தையை எப்படிப் பராமரிப்பது?

எழுந்தவுடன் படுக்கையை மடித்து மூடிவிடாதீர்கள். பல் தேய்த்து, காபி குடித்து முடிக்கும்வரை போர்வையை உதறிப் போட்டுவிட்டு, மெத்தையின் ஒரு விளிம்பைத் தூக்கி அடியில் ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து வையுங்கள். இரவின் ஈரம் அந்த அரை மணி நேரத்தில் போய்விடும். நீண்ட பயணமானால் வாரத்துக்கு ஒருமுறை மெத்தையை வெளியே எடுத்து, வண்டியின் பக்கவாட்டில் நிமிர்த்திச் சாய்த்து இரண்டு மணி நேரம் வெயில் காட்டுங்கள். ஃபோமை உறை இல்லாமல் நேர் வெயிலில் வைத்தால் மஞ்சளித்துப் பொடியத் தொடங்கும், ஆகையால் உறையோடுதான் வைக்க வேண்டும். மெத்தை வெயிலில் இருக்கும் நேரத்தில் சட்டங்களையும் கோரைப்பாயையும் கையால் தொட்டுப் பாருங்கள். எங்காவது சில்லென்று இருந்தால், அந்த இடத்துக்குக் காற்று போகவில்லை என்று பொருள். அடியில் இருக்கும் பெட்டியை அங்கிருந்து நகர்த்தி வையுங்கள்.